பன்மை இல்லாத நஞ்சு

இலத்தீன் கற்பவர்கள் பெயர்ச்சொற்களை வாய்ப்பாடாகவே மனப்பாடம் செய்கிறார்கள். ஒருமைக்கு ஆறு வேற்றுமை, பன்மைக்கு ஆறு வேற்றுமை என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு நிரல்கள். ‘வீருஸ்’ என்ற சொல்லுக்கு வரும்போது அகராதிகள் ஒரே நிரலோடு நின்றுவிடுகின்றன. எழுவாய் வீருஸ், செயப்படுபொருளும் வீருஸ், ‘உடைய’ என்ற பொருளில் வீரீ, ‘கு’ என்ற பொருளிலும் ‘ஆல்’, ‘இலிருந்து’ என்ற பொருள்களிலும் வீரோ. பன்மை நிரல் காலி. நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் பழைய இலத்தீன் எழுத்தில் இச்சொல்லின் பன்மை கிடைப்பதில்லை. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்து ‘வைரஸ்’ ஆனது இந்தச் சொல்தான். ஒரு சொட்டு எச்சிலில் கோடிக்கணக்கில் இருக்கும் என்று நாம் சொல்லும் பொருளுக்கு, அதன் பெயர் பிறந்த மொழியில் பன்மையே இல்லை. இதை இலக்கணக்காரர்களின் வேடிக்கைத் தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். அந்தக் காலி நிரலை ஒரு சான்றாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ரோமானியர்கள் அந்தப் பொருளை எப்படிப்பட்டதாக நினைத்தார்கள் என்பதற்கும், 1898-க்கும் 1939-க்கும் இடையில் ஆய்வுக்கூடங்களில் உண்மையில் எது மாறியது என்பதற்கும் அது சான்று.

பழைய தமிழ்க் கணக்கு அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று பிரிக்கும். தேங்காயை எண்ணுவார்கள், பொன்னை எடுப்பார்கள், எண்ணெயை முகப்பார்கள், துணியை நீட்டுவார்கள். இந்தப் பிரிவு கடைத்தெருவோடு முடிவதில்லை, மொழிக்குள்ளும் ஓடுகிறது. ‘மூன்று தேங்காய்’ என்கிறோம். ‘மூன்று எண்ணெய்’ என்று யாரும் சொன்னால் மூன்று துளி என்று கேட்பவர் நினைக்கமாட்டார். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று மூன்று வகையைத்தான் நினைப்பார். முகந்து அளக்கும் பொருளின் பெயர் எண்ணுக்கு எளிதில் வசப்படாது. இலத்தீனிலும் அப்படித்தான். இரத்தத்தைக் குறிக்கும் ‘சாங்குயிஸ்’, பாலைக் குறிக்கும் ‘லாக்’ போன்ற சொற்களுக்குச் செவ்விலத்தீனில் பன்மை வழக்கு இல்லை. வீருஸ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதுதான் தொடக்கப் புள்ளி.

அதன் பொருளைப் பார்த்தாலே இது விளங்கும். அகராதியில் முதலில் நிற்பது வழவழப்பான கசிவு. வெர்ஜில் தம் ‘ஜார்ஜிக்ஸ்’ நூலில் இச்சொல்லை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக ஆள்கிறார். ஓரிடத்தில் பாம்புகளுக்கு ஜூபிடர் கொடுத்த கொடிய நஞ்சு. இன்னோரிடத்தில் சினைப்பருவத்துப் பெண்குதிரையின் உடலிலிருந்து சொட்டும் பிசுபிசுப்பான நீர். லுக்ரீசியஸ் கடல்நீரின் கரிப்புக்கு இதே சொல்லைப் பயன்படுத்துகிறார். வாசனைத் தைலத்தில் கலக்கும் எண்ணெய்க்கு மணமே இருக்கக் கூடாது, இருந்தால் அதன் சொந்த ‘வீருஸ்’ பூவின் மணத்தைக் கெடுத்துவிடும் என்றும் அவர் எழுதுகிறார். பிளினியிடம் அது நாற்றம், காரம், விந்து என்றெல்லாம் விரிகிறது. மனிதர்களை வெறுத்து ஒதுங்குகிறவனுக்கும் தன் கசப்பின் வீருஸைக் கக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்று சிசரோ சொல்லும்போது அது உள்ளத்துக்குள்ளேயே போய்விடுகிறது. சேறு, நஞ்சு, கரிப்பு, நாற்றம், வன்மம் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கசியும், ஊறும், பரவும், ஒட்டும். ஒன்று, இரண்டு என்று பிரிந்து நிற்காது. தமிழில் ‘நச்சுநீர்’ என்று சொல்லிப் பார்த்தால் ஏறக்குறைய அந்த ஓசை கிடைக்கும்.

இச்சொல்லுக்குத் தமிழ் வாசகர் வீட்டிலேயே ஓர் உறவுக்காரர் இருக்கிறார். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொது மூதாதையில் உருகி ஓடுதல், நஞ்சு என்ற பொருள்களோடு தொடர்புடைய ஒரு வேர் இருந்தது. அதில் வகரத்துக்கும் இகரத்துக்கும் அடுத்து ஒரு ஸகரம். அந்த ஒரு ஸகரத்துக்கு நேர்ந்த கதிகளைப் பார்ப்பது சுவையானது. இலத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே நின்ற ஸகரம் கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக்குள் ரகரமாகத் திரிந்துவிட்டது. பாபீரியஸ் என்னும் குடும்பத்தார் முன்னொரு காலத்தில் தங்களைப் பாபீசியஸ் என்றே எழுதிவந்தார்கள் என்று சிசரோ தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஆக, வீருஸில் நடுவே நிற்கும் ரகரம் உண்மையில் பழைய ஸகரம்தான். கிரேக்கத்தில் அந்த ஸகரமும் முன்னால் நின்ற வகரமும் தேய்ந்து மறைந்து ‘ஈயோஸ்’ என்று வெறும் உயிரொலிகளே மிஞ்சின. அங்கும் பொருள் நஞ்சுதான். சமஸ்கிருதத்தில் இகரத்தின் பின் வந்த ஸகரம் ஷகரமாகி ‘விஷம்’ ஆனது. அதைக் கடன் வாங்கிய தமிழ், வேஷத்தை வேடமாக்கியது போலவே, விஷத்தை விடமாக்கிக்கொண்டது. ஆகவே வைரஸும் விஷமும் ஒரே வயிற்றில் பிறந்து, வேறு வேறு வாசல் வழியாக நம் வீட்டுக்குள் வந்தவை. ஓசையை மட்டும் நம்பினால் நாம் வீருஸை வீரனோடுதான் சேர்த்துவைப்போம். வீரனுக்கு இலத்தீனில் உறவு வேறு சொல்: ‘ஆண்மகன்’ என்று பொருள்படும், குறில் இகரத்தோடு கூடிய ‘விர்’. வடமொழியில் நெடில், இலத்தீனில் குறில். நஞ்சுக்கோ அங்கே குறில், இங்கே நெடில். ரோமானிய எழுத்து இந்தக் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழ் எழுத்து காட்டிவிடும் என்பதால் நமக்கு ஒரு குழப்பம் மிச்சம்.

இனி வடிவம். இலத்தீனில் ‘உஸ்’ என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். நம் அஃறிணைக்கு ஓரளவு ஒப்பிடத்தக்க மூன்றாம் பாலைச் சேர்ந்தவை வழக்கமாக ‘உம்’ என்று முடியும்: போரைக் குறிக்கும் ‘பெல்லும்’, சொல்லைக் குறிக்கும் ‘வெர்பும்’. ஓரளவு என்று சொல்லக் காரணம், இலத்தீனில் பால் என்பது பொருளைப் பார்த்து அமைவதில்லை. மேசைகூட அங்கே பெண்பால். வீருஸ் ‘உஸ்’ என்று முடிந்தாலும் மூன்றாம் பால். வேற்றுமை ஏற்பதோ ஆண்பால் ‘உஸ்’ பெயர்களைப் போல. இப்படி இரண்டுங்கெட்டானாக நிற்கும் சொற்கள் அந்த வகையில் மூன்றே மூன்று: வீருஸ், கடலைக் குறிக்கும் ‘பெலகுஸ்’, பொதுமக்கள் திரளைக் குறிக்கும் ‘வுல்குஸ்’. இவை மூன்றாம் பால் என்பதற்கு அடையாளம், எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவத்தில் இருப்பது. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. ‘தண்ணீர் குடித்தான்’ என்கிறோம், ஐ உருபு தொக்கி நிற்கிறது. ‘நண்பன் பார்த்தான்’ என்று சொல்லிவிட்டு நண்பனைப் பார்த்ததாகப் பொருள் கொள்ள முடியாது. உயிரற்ற பொருள் வினை செய்வது அரிது, ஆகையால் அது எழுவாயா செயப்படுபொருளா என்ற ஐயமும் அரிது. உருபை விட்டாலும் பொருள் கெடாது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் இங்கே ஒரே சிக்கனத்தைக் கடைப்பிடிக்கின்றன.

பன்மை இல்லாததற்குப் பொருள்தான் காரணம் என்று சொன்னால் மூன்று தடைகள் உடனே எழும். முதலாவது: பழைய இலத்தீன் நூல்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று, பன்மை இருந்து தொலைந்திருக்கலாமே? இருந்திருக்கலாம்தான். ஆனால் நம்மைவிட அதிக நூல்களைக் கையில் வைத்திருந்த பழங்கால இலக்கண ஆசிரியர்கள் சிலரே இச்சொல்லை வேற்றுமை ஏற்காத சொல்லாகக் கருதினார்கள். வீரீ, வீரோ என்ற ஒருமை வடிவங்களே அரிதானவை. அவற்றுக்கு நாம் பெரிதும் சார்ந்திருப்பது லுக்ரீசியஸை. ஒருமையிலேயே இத்தனை தயங்கும் சொல் பன்மையில் தாராளமாகப் புழங்கியது என்று நம்புவது கடினம். இரண்டாவது தடை கூர்மையானது. நஞ்சைக் குறிக்கும் இன்னொரு இலத்தீன் சொல் ‘வெனேனும்’. அதுவும் முகந்து அளக்கும் பொருள்தான். அதற்கு ‘வெனேனா’ என்று பன்மை தாராளமாக உண்டு. பொருளே காரணமென்றால் வெனேனுமும் பன்மை இழந்திருக்க வேண்டாமா? இதற்கு விடை எண்ணெய்க்கடையில் இருக்கிறது. வெனேனா என்றால் பல துளி நஞ்சு அல்ல, பலவகை நஞ்சு, அல்லது கலந்து கொடுத்த பல மருந்துகள். வெனேனும் மனிதன் தயாரிக்கும் சரக்கு. அதற்கு வகை உண்டு, விலை உண்டு, ரோமானியச் சட்டத்தில் தண்டனையும் உண்டு. வீருஸ் ஊறி வருவது; யாரும் அதை வகை பிரித்து விற்கவில்லை. மூன்றாவது தடை, வடிவமே காரணமாக இருக்கலாமே என்பது. இதைப் பாதியளவு ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் பால் பெயர்களின் பன்மை ‘ஆ’ என்று முடிவது இலத்தீனில் விதிவிலக்கற்ற விதி. அதன்படி வீருஸுக்கு ‘வீரா’ வர வேண்டும். அதன் தோழர்கள் இருவரும் அந்த வழியில் போகவில்லை. பெலகுஸ் எப்போதாவது கிரேக்கத்திலிருந்து ‘பெலகே’ என்று பன்மையை இரவல் வாங்கியது. வுல்குஸ் திரளைக் குறிப்பதால் பன்மையே வேண்டாமென்று இருந்துவிட்டது. வடிவம் இடைஞ்சலாக இருந்தது உண்மை. ஆனால் தேவை இருந்தால் மொழி ஏதாவதொரு வழியைக் கண்டுபிடித்துவிடும், கிரேக்க வாசலைத் தட்டியாவது. கடலைப் பற்றி எழுதியவர்களுக்கு அந்தத் தேவை எப்போதாவது வந்தது. நஞ்சைப் பற்றி எழுதியவர்களுக்கு வரவில்லை.

மருத்துவத்துக்குள் இச்சொல் நுழைந்தபோதும் பொருள் மாறவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய செல்சஸ், ஏறக்குறைய எல்லாக் கடியிலும் சிறிது வீருஸ் உண்டு என்றும், கடித்தது வெறிநாய் என்றால் சூடேற்றிய கிண்ணத்தைக் கவிழ்த்து அதை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். வெறிநாய்க்கடி இன்று நாம் வைரஸ் நோய் என்று சொல்லும் நோய்தான். இதைப் பார்த்து அவருடைய தொலைநோக்கை வியக்கக் கூடாது. வெறிநாய்க்கடிக்கு மட்டும் அவர் வைத்த சொல் அல்ல அது. சொல் தற்செயலாக இலக்கில் விழுந்தது. 1798-இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையைப் பற்றிய நூலை வெளியிட்டபோது கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை வைரஸ் என்றே எழுதினார். லூயி பாஸ்டர் காலத்தில் தொற்றை உண்டாக்கும் எதுவும் வைரஸ்தான். இன்று பாக்டீரியா என்று நாம் பிரித்துச் சொல்பவையும் அதில் அடக்கம். 1885 ஜூலையில் அவர் ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டபோது அந்த நோயின் காரணியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. செல்சஸிலிருந்து பாஸ்டர் வரை பதினெட்டு நூற்றாண்டுகள் ‘வைரஸ்’ என்ற சொல் ஒரு செயலின் பெயராகவே இருந்தது: கடித்த இடத்திலிருந்து ஏதோ ஒன்று உடலுக்குள் போய்க் கேடு செய்கிறது, அந்த ஏதோ ஒன்றின் பெயர்.

பாக்டீரியாவை இதனருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பதினேழாம் நூற்றாண்டில் லேவன்ஹூக் தம் கண்ணாடி வில்லைக்கு அடியில் அவற்றைத் தனித்தனியாக நீந்தக் கண்டார். பெயர் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில், எஹ்ரன்பெர்க் கிரேக்கத்தில் சிறுகோலைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘பாக்டீரியும்’ என்று சூட்டியபோது. முதலில் காட்சி, பிறகு பெயர். கோல் என்பது எண்ணும் பொருள். ஆகவே பாக்டீரியும், பாக்டீரியா என்று ஒருமையும் பன்மையும் பிறக்கும்போதே கூடவந்தன. தமிழில் நாம் ‘பாக்டீரியாக்கள்’ என்று எழுதும்போது பன்மைக்கு மேல் பன்மை போடுகிறோம் என்பது வேறு விஷயம். வைரஸுக்கு நடந்தது நேர்மாறு. பெயர் இரண்டாயிரம் ஆண்டு முன்னதாகவே வந்துவிட்டது. காட்சி பின்னால் வந்தது. பார்க்கப்படாத பொருளை எண்ண முடியாது.

துகளா, திரவமா என்ற கேள்வி ஆய்வுக்கூடத்தில் நேரடியாகவே கேட்கப்பட்டது. 1868-இல் பிரெஞ்சுக்காரரான ஷோவோ, அம்மைப்பால் நீரின் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றி அசையாமல் வைத்தார். கரைந்திருப்பவை மேலேறித் தண்ணீரில் பரவும், துகள்கள் கீழேயே தங்கும். மேலே பரவிய நீரால் அம்மை வரவில்லை. தொற்று கரைசலில் இல்லை, துகளில் இருக்கிறது என்பது அவர் முடிவு. 1892-இல் இரஷ்யாவின் திமித்ரி இவனோவ்ஸ்கி, தேமல்நோய் கண்ட புகையிலையின் சாற்றைப் பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் ஷாம்பெர்லான் பீங்கான் வடிகட்டியில் ஊற்றினார். வடிந்த நீரும் நோயைத் தந்தது. 1898-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பேயரிங்க் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். சாற்றை அகார் கூழின் மேல் வைத்தார். சில நாட்களில் நோய்க்காரணி கூழுக்குள் ஊறி இறங்கியிருந்தது. ஷோவோவின் தர்க்கம்தான், விடை மட்டும் தலைகீழ். துகள் ஊறாது, இது ஊறுகிறது, எனவே இது துகள் அல்ல. உயிருள்ள செல்லுக்குள் பெருகுகிறது என்பதையும் அவர் கண்டார். இரண்டையும் சேர்த்து அதற்கு ‘கொண்டாகியும் வீவும் ஃப்ளூயிதும்’ என்று இலத்தீனில் பெயரிட்டார்: உயிருள்ள தொற்றுத் திரவம். இடையிடையே வைரஸ் என்றும் எழுதினார். இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான இலக்கணம் இவ்வளவு துல்லியமாக ஓர் ஆய்வு முடிவோடு பொருந்தியது அந்த ஒரு கட்டத்தில்தான். பேயரிங்கின் வைரஸுக்குப் பன்மை இருக்கவே முடியாது. அது முகந்து அளக்கும் பொருள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோஃப்லரும் ஃப்ரோஷும் கால்நடைகளின் கோமாரி நோயும் வடிகட்டியைக் கடக்கிறது என்று கண்டு, அதற்கு வேறு விளக்கம் சொன்னார்கள்: இது திரவமல்ல, மிக மிகச் சிறிய துகள். ஒரே ஆண்டில் ஒரே பொருளுக்கு முகத்தல் அளவையும் எண்ணல் அளவையும் போட்டியிட்டன.

இந்த வழக்கு எண்ணியே தீர்க்கப்பட்டது. 1917-இல் ஃபெலிக்ஸ் தெரெல், பாக்டீரியாவைக் கொல்லும் ஏதோ ஒன்றைப் பாக்டீரியா படர்ந்த தட்டில் தெளித்தபோது, தட்டு முழுதும் மங்காமல் அங்கங்கே வட்ட வட்டமாகத் தெளிந்த புள்ளிகள் விழுந்தன. அதை நீர்க்கவைத்துத் தெளித்தால் புள்ளிகளின் எண்ணிக்கை குறைந்ததே ஒழியப் புள்ளிகள் மங்கவில்லை. திரவமென்றால் நீர்க்க நீர்க்க விளைவு எங்கும் ஒரேபோல் மெலிய வேண்டும். இது துண்டு துண்டாகக் குறைந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு துகள் மூலவர். 1929-இல் ஃபிரான்சிஸ் ஹோம்ஸ் புகையிலையின் உறவுச்செடி ஒன்றில் இதே கணக்கைப் போட முடியும் என்று காட்டினார். சாற்றைத் தேய்த்த இலையில் விழும் கருகல் புள்ளிகளை எண்ணினால் போதும். 1935-இல் வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கினார். 1946-இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஒரே அளவும் வடிவமும் கொண்டவை அடுக்கடுக்காக நின்றால்தான் படிகம் உருவாகும். அது வெறும் புரதம் என்று அவர் நினைத்தது தவறு. பாடனும் பிரீயும் அதில் ரைபோ நியூக்ளிக் அமிலம் இருப்பதைக் காட்டினார்கள். 1939-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது தெரிந்தது: நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் 18 நானோமீட்டர் கொண்ட குச்சிகள். பேயரிங்க் ஏமாந்த இடமும் அப்போது புரிந்தது. அத்தனை ஒடுக்கமான குச்சி அகார் கூழின் துளைகளுக்குள் மெல்ல நுழைந்துவிடும். ஊறுவதாலேயே ஒன்று திரவமாகிவிடாது. ‘வடிகட்டியைக் கடக்கும் வைரஸ்’ என்று அதுவரை அடைமொழியோடு எழுதியவர்கள் அந்தக் காலத்தை ஒட்டி அடைமொழியைக் கைவிட்டார்கள். முகத்தல் பெயர் எண்ணல் பெயராகிவிட்டது. பன்மை அன்றுதான் உண்மையில் தேவைப்பட்டது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய மொழிகளில் இச்சொல் பன்மையாகப் புழங்கியதே? புழங்கியது. அம்மையின் வைரஸ், வெறிநாய்க்கடியின் வைரஸ் என்று நோய்க்கொன்றாக அடுக்கியபோது வந்த பன்மை அது. மூன்று எண்ணெய் என்பது போல வகைப் பன்மை. ஒரு சொட்டில் இத்தனை என்று சொல்லும் துகள் பன்மை அதற்கு இல்லை. இரண்டும் ஒரே வடிவத்தில் இருப்பதால் இன்றுவரை சிக்கல் தொடர்கிறது. ‘மூன்று வைரஸ்கள்’ என்றால் மூன்று துகளா, மூன்று இனமா? இந்தத் தெளிவின்மை விஞ்ஞானிகளையே உறுத்தியிருக்க வேண்டும். 1959-இல் ஆந்த்ரே லுவோஃபும் அவருடைய கூட்டாளிகளும் செல்லுக்கு வெளியே இருக்கும் முழுமையான ஒற்றைத் துகளுக்கு ‘விரியான்’ என்று தனிப்பெயர் சூட்டினார்கள். எலக்ட்ரான், புரோட்டான் போல ‘ஆன்’ விகுதி. எண்ணுவதற்கென்றே பிறந்த சொல். மூலச்சொல் பழைய ஈரத்தை முழுதும் உலர்த்திக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

பன்மை தேவைப்பட்டதும் ஒவ்வொரு மொழியும் தன் வழியில் போயிற்று. ஆங்கிலம் தன் சொந்த விகுதியைப் போட்டு ‘வைரஸஸ்’ என்றது. அதில் பிழையேதும் இல்லை, கடன் வாங்கிய சொல்லுக்கு வாங்கியவர் இலக்கணம்தான் பொருந்தும். பிரெஞ்சும் இத்தாலியனும் ஸ்பானியமும் சொல்லைத் தொடாமல் முன்னால் நிற்கும் சுட்டை மட்டும் பன்மையாக்கின. ஜெர்மனில் மருத்துவர் ‘தாஸ் வீருஸ்’ என்று இலத்தீனின் மூன்றாம் பாலைக் காப்பாற்றுகிறார், தெருவில் ‘டெர் வீருஸ்’ என்று ஆண்பாலாகவும் புழங்குகிறது. பன்மைக்கு இருவரும் ‘வீரன்’ என்கிறார்கள், நம் காதுக்கு வேடிக்கையாக. கணினி உலகம்தான் கோளாறு செய்தது. 1980-களில் ஃபிரெட் கோஹன் கணினி வைரஸைப் பற்றி எழுதத் தொடங்கியபோது அது பிறவியிலேயே எண்ணக்கூடிய நிரல். கசிவோ நாற்றமோ அதற்கு இல்லை. அந்த வட்டாரத்தில் இலத்தீன் பகட்டோடு ‘விரியை’ என்று இரண்டு இகரம் வைத்து எழுதும் பன்மை பரவியது. அப்படி எழுத வேண்டுமானால் ஒருமை ‘வீரியுஸ்’ என்று இருந்திருக்க வேண்டும், இல்லை. ஓர் இகரத்தைக் குறைத்து ‘விரீ’ என்றாலும் தப்ப முடியாது. குறிலாக ஒலித்தால் அது ஆண்மக்கள். நெடிலாக ஒலித்தால் ‘நஞ்சினுடைய’. வீருஸ் வேறொரு வகையைச் சேர்ந்தது, பன்மையில் கடைசி உயிர் நீண்டால் போதும் என்பாரும் உண்டு. லுக்ரீசியஸின் வீரீ அந்த வாதத்தைத் தடுக்கிறது. அந்த வகைச் சொல்லுக்கு ஆறாம் வேற்றுமை அப்படி வராது. இவர்களில் யாரும் தமிழைக் கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டையும் ஏற்றுக்கொண்டு, அப்படிப்பட்ட பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணம் வகுத்துவிட்டது. எண்ணை வினை சொல்லட்டும், பெயர் சும்மா இருக்கட்டும். நாம் ‘வைரஸ் பரவுகிறது’ என்றும் எழுதுகிறோம், ‘வைரஸ்கள் பரவுகின்றன’ என்றும் எழுதுகிறோம். தமிழில் ஆக்கிய சொற்கள் இரண்டையும் ஒப்பிட்டால், நச்சுயிரி என்பது ரோமானியரின் பொருளை அறிந்தோ அறியாமலோ காப்பாற்றுகிறது. தீநுண்மி நஞ்சைக் கைவிட்டு நுண்ணோக்கி காட்டிய துகளைப் பிடித்துக்கொள்கிறது. முன்னது 1898-க்கு முந்திய மனம், பின்னது 1939-க்குப் பிந்தியது.

வைரஸ்களுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழுவின் பட்டியலில் இன்று 14,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சில ஆண்டுகளாக அந்தக் குழு இனப்பெயர்களை விலங்கு, தாவரப் பெயர்களைப் போல இரண்டு சொற்களாக மாற்றிவருகிறது. கோவிட் நோயைத் தந்த வைரஸின் இனம் ‘பீட்டாகொரோனாவைரஸ் பாண்டெமிகும்’. எபோலாவின் ஓர் இனம் ‘ஆர்த்தோஎபோலாவைரஸ் ஸயிரென்ஸே’. இலத்தீன் இலக்கணப்படிதான் எழுத வேண்டும் என்று விதி இல்லை; ஆனாலும் பாண்டெமிகும் என்பதன் ‘உம்’, ஸயிரென்ஸே என்பதன் ‘ஏ’ இரண்டும் மூன்றாம் பால் விகுதிகள். வெர்ஜிலின் பாம்பு நஞ்சுக்கு இருந்த பால்தான் இதுவும். பேரினப் பெயர்கள் எல்லாம் ‘வைரஸ்’ என்று முடிகின்றன, எல்லாம் ஒருமை. அதற்கு மேலே போனால் காட்சி மாறுகிறது: குடும்பம் ‘விரிடே’ என்றும், வரிசை ‘விராலெஸ்’ என்றும், எல்லாவற்றுக்கும் உச்சியில் ‘ரிபோவிரியா’ போல ‘விரியா’ என்றும் முடியும். விரிடே, விராலெஸ், விரியா மூன்றுமே பன்மை வடிவங்கள். வீருஸ் என்ற பெயர்ச்சொல் தானாக ஏற்க மறுத்த பன்மையை, அதன் வேரை உரித்தெடுத்து வேறு விகுதிகளில் ஒட்டி, வகைப்பாட்டியல்காரர்கள் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.